தண்டோரா

எங்கம்மா விறகு விற்று என்னைப் படிக்க வைத்தது. நான் படித்துப் பெரியவனாகி, 'விறகு வெட்டாதே' என்று சுவரில் எழுதிச் சம்பாதித்தேன். இதை வெளியே சொல்ல ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜாரை ஒட்டிய ஒரு சந்தில்தான் எங்கள் வீடு. செவ்வாய்க்கிழமை கூடின சந்தையால் வந்த பேர் என்பார்கள். எனக்குத் தெரிந்து பேட்டையில் தினமும் சந்தைதான். பருப்பு மண்டி, அரிசி மண்டி, வெல்ல மண்டி, சந்துக்குச் சந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அப்பா மண்டியில் மூட்டை தூக்கினார். நாற்பது வயசில் இடுப்பு போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு குடும்பம் அம்மாவின் தலைமேல் ஏறியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தலைமேல்.

விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் சந்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிளம்புவார்கள். குகை, தாதகாப்பட்டி தாண்டி ஜருகுமலை அடிவாரம் வரை நடை. சுள்ளி பொறுக்கி, காய்ந்த கிளை ஒடித்து, கட்டு கட்டி, சும்மாடு வைத்து, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒரு கட்டு முப்பது கிலோவுக்குக் குறையாது. வாங்குகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. இட்லிக்கடை, ஓட்டல், சாயப்பட்டறை, கல்யாண வீடு. சேலம் டவுனின் பாதி அடுப்பு எங்கள் பெண்கள் தலையில் இருந்துதான் எரிந்தது. வாங்கினவர்களுக்குக் காடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

1977. நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மா மத்தியானம் தாண்டி வெறுந்தலையோடு வந்தது. விறகுக் கட்டு இல்லை, அரிவாள் இல்லை. கையில் ஒரு சீட்டு மட்டும். காக்கி போட்ட காவலர் ஒருத்தர் மடக்கி, கட்டையும் அரிவாளையும் பிடுங்கிக்கொண்டு, பதினைந்து ரூபாய் அபராதம் வாங்கியிருக்கிறார். கூடப் போன பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சேர்த்துக் கொடுத்த காசு.

"என்னடா சாமி போட்டிருக்குது இதுல?" என்று என்னிடம் நீட்டியது.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். அம்மா பேர். தேதி. ரூபாய். நடுவில் 'குற்றம்' என்று அச்சடித்த இடத்துக்குப் பக்கத்தில் பேனாவால் 'விறகு திருட்டு' என்று எழுதியிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. பதினஞ்சு ரூவா கட்டுனதுக்கு ரசீதுன்னு போட்டிருக்குது" என்றேன்.

அரசாங்கம் எழுதியதை எங்கள் சனத்துக்குப் படித்துச் சொல்லும் வேலையை அன்றைக்குத்தான் முதன்முதலில் செய்தேன். ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டுத்தான் செய்தேன்.

*

எங்கள் தாத்தாவுக்குச் சொந்த ஊர் பனமரத்துப்பட்டிப் பக்கம். அவர் அந்த ஊருக்குத் தண்டோரா போட்டவர். வரி கட்டச் சொல்லி, ஏரி மதகு திறக்கிறதைச் சொல்லி, ஏலம் சொல்லி, தெருத்தெருவாகத் தப்படித்துக்கொண்டு போவார். ஊர்த் தெருவில் செருப்பில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் மாடு விடக்கூடாது, மரம் தொடக்கூடாது என்ற உத்தரவையும் அவர் வாயால்தான் சொல்ல வைத்தார்கள். 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் எங்கள் சேரிக்குப் புத்தகமாக வரவில்லை. தப்புச் சத்தமாக வந்தது. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் ஆயா கேட்குமாம்: "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வந்தீங்களே, நம்ம அடுப்புக்கு என்ன பண்றதுன்னு அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

தாத்தா கேட்டதில்லை. தண்டோராவில் கேட்கிற வழக்கம் கிடையாது. மேலேயிருந்து கீழே சொல்ல மட்டும்தான் அந்தத் தோல்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஒரு ஆர்ட்ஸ் கடையில் சேர்ந்தேன். சுவர் விளம்பரம் எழுதுகிற வேலை. சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு, நூல் கட்டிக் கோடு போட்டு, எழுத்துக்கு எழுத்து அளந்து எழுத வேண்டும். சினிமா, பனியன், பல்பொடி, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் எழுதினேன். 1991இல் மலையடிவார ஊர்களில் காட்டைக் காக்கும் வாசகங்கள் எழுத ஒரு காண்டிராக்ட் வந்தது. நாற்பது சுவர். அதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய கூலி அதுதான்.

எழுத வேண்டிய வாசகங்களை டைப் அடித்துக் கொடுத்திருந்தார்கள். மரத்தை வெட்டாதே. ஆடு மேய்க்காதே. காட்டுக்குத் தீ வைக்காதே. அதே மாசம் ஒரு வங்கிக்கும் சுவர் எழுதினேன். அங்கே 'சேமிப்பீர்', 'வருக' என்று எழுதச் சொன்னார்கள். பிரஷ் ஒன்றுதான், பெயிண்ட் ஒன்றுதான். காசு வைத்திருக்கிறவனுக்கு 'பீர்', விறகு தூக்குகிறவளுக்கு 'ஆதே'. ஊர்த் தெருவில் எங்கப்பாவைக் கூப்பிட்ட அதே தமிழ்தான் சுவரிலும் ஏறியிருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எழுத்து நேராக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

'நமது காடு, நாமே காப்போம்' என்று இன்னொரு வாசகம். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவனை வெளியே நிறுத்தினால் நாங்கள். காடு காக்கிற காரியத்தில் காவலுக்கு ஆள் வேண்டும் என்றால் 'நாம்' என்பார்கள். பலன் பங்கு வைக்கும்போது 'நாங்கள்' ஆகிவிடும். இது எனக்குப் புரிய இன்னும் பத்து வருஷம் போக வேண்டியிருந்தது.

*

அதற்குள் வாச்சாத்தி வந்துவிட்டது.

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர் அது. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு கோழிகளைத் தூக்கிப் போனார்கள், கிணற்றை நாசம் செய்தார்கள், குழந்தைகளோடு பெண்களைச் சிறையில் அடைத்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் அதை வெளியே கொண்டு வந்தார்கள். வழக்கு 19 வருஷம் நடந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 126 பேர் வனத்துறைக்காரர்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்த 1992ஆம் வருஷத்தில் நான் எழுதிக்கொண்டிருந்த வாசகம், 'வனக்காவலர் உங்கள் நண்பர்'. பேப்பரில் வாச்சாத்தி பற்றிப் படித்த அன்று நான் வேலையை நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். நிறுத்தவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன் இருந்தது. அடுத்த சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்தேன்.

*

1997இல் ஜப்பான் கடனில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. ஊருக்கு ஊர் கிராம வனக்குழு அமைத்து, மக்களைச் சேர்த்துக்கொண்டு காட்டை வளர்ப்பது என்று திட்டம். தடுப்பணை கட்டினார்கள், கன்று நட்டார்கள், சுயதொழிலுக்குக் கடன் கொடுத்தார்கள். விழிப்புணர்வுக்கு என்று தொண்டு நிறுவனங்களும் வந்தன. அப்படி ஒன்றில் எனக்குத் 'தகவல் தொடர்பாளர்' வேலை கிடைத்தது. மாசச் சம்பளம், தோளில் ஜோல்னாப் பை, கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் சந்தில் அடையாள அட்டை மாட்டின முதல் ஆள் நான்தான். அம்மா அதைத் தடவிப் பார்த்தது.

பயிற்சி வகுப்பில் ஒரு கரடிப் படம் காட்டினார்கள். 1944இல் அமெரிக்காவில் காட்டுத்தீ பிரச்சாரத்துக்காக உண்டாக்கின ஸ்மோக்கி என்ற கரடி. தொப்பி போட்டுக்கொண்டு பார்க்கிறவனை நோக்கி, உன்னால்தான் தீயைத் தடுக்க முடியும் என்று சொல்லும். செய்தி என்றால் இப்படித்தான் தனி ஆளின் நெஞ்சில் போய்க் குத்த வேண்டும் என்றார் வகுப்பு எடுத்தவர். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்த 'உன்' யார் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் போட வழிகாட்டினவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அதன் பிறகு காடு தோட்டமாயிற்று. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மலை உச்சியை வெட்டி, பாக்சைட் மண்ணை லாரி லாரியாக மேட்டூருக்கு அலுமினியம் செய்ய இறக்கினார்கள். அதையெல்லாம் எழுதுகிற தமிழே வேறு. 'மரங்கள் அகற்றப்பட்டன', 'நிலம் குத்தகைக்கு விடப்பட்டது'. யார் அகற்றினார், யார் விட்டார் என்று வாக்கியத்தில் ஆளே இருக்காது. எங்கள் அம்மா ஒரு கட்டு சுள்ளி எடுத்தால் மட்டும் அதில் ஆள் இருக்கும், பேர் இருக்கும், அபராதமும் இருக்கும்.

காட்டைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. காடு போனால் முதலில் சாகிறது நாங்கள்தான். நான் சிறுவனாக இருந்தபோது அடிவாரத்திலேயே கிடைத்த விறகுக்கு, பத்து வருஷத்தில் அம்மா பாதி மலை ஏற வேண்டியிருந்தது. மலை மொட்டையாகிறது என்பதை எந்த அதிகாரிக்கும் முன்னால் அம்மாவின் முழங்கால் தெரிந்துகொண்டது. அந்த முழங்காலிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

*

2000 வாக்கில் ஒரு அடிவாரத்து ஊரில் வனக்குழுக் கூட்டம். ஊர்ப் பேர் வேண்டாம். தலைவர் தோட்டம் துரவு உள்ளவர். நாற்காலியில் ஆறு பேர், திண்ணையில் பத்துப் பேர். காலனிப் பெண்கள் கோயில் வாசலுக்கு அந்தப்பக்கம் வேப்ப மரத்தடியில். வீட்டுக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினர் என்பதால் அவர்களிடமும் கைநாட்டு வாங்கியிருந்தார்கள்.

தீர்மானம் ஒன்று: கன்று நட்ட இடத்தில் ஆடு விடக்கூடாது. விட்டால் ஆட்டுக்கு இத்தனை என்று அபராதம். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். அந்த ஊரில் மாடு வைத்திருந்தவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். ஆடு காலனிக்காரர்களுடையது. நிலமில்லாதவனுக்கு ஆடுதான் பேங்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு குட்டியைப் பிடித்து விற்பான். ஆடு பற்றித் தீர்மானம் வந்தது. மாடு பற்றி ஒரு பேச்சும் வரவில்லை.

நான் போஸ்டர் போட்டேன். கன்றைக் கடிக்கிற ஆடு, பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. படம் நன்றாக வந்திருந்தது. அதை ஒட்டப் போன அன்று, தீர்மானத்தை ஊருக்குச் சொல்லக் காலனியில் இருந்து ஒரு பெரியவர் தப்போடு வந்தார். துண்டு இடுப்பில். செருப்பு இல்லை. அவர் முன்னால் அடித்துச் சொல்லிக்கொண்டு போக, நான் பசை வாளியோடு பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன்.

காலனி முனையில் ஒரு அக்கா நின்றிருந்தது. இடுப்பில் குட்டி ஆடு. என்னை மேலும் கீழும் பார்த்தது.

"நீ யாரு பையன் தம்பி? நம்மாளுங்கதான?"

தாத்தா பேரைச் சொன்னேன். அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

"அதான பாத்தேன். உங்க தாத்தன் அடிச்சுச் சொன்னாரு, நீ படம் போட்டுச் சொல்றே. அவருக்குப் படி நெல்லு, உனக்குச் சம்பளம். நாங்க சொல்றத எடுத்துக்கிட்டுப் போறதுக்கு எவன் தம்பி வருவான்?"

கையில் பசை காய்ந்துகொண்டிருந்தது. பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

*

அதற்கப்புறம் ஆபீசில் கிடந்த தாள்களை உட்கார்ந்து படித்தேன். 1988ஆம் வருஷத்துத் தேசிய வனக் கொள்கை அகப்பட்டது. காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் வாழும் பழங்குடிகளுக்கும் மற்ற ஏழைகளுக்கும் வீட்டுக்கு வேண்டிய விறகும் தீவனமும், காட்டின் விளைபொருளில் முதல் உரிமை என்று அதில் இருக்கிறது. அரசாங்கமே சொன்னது. ஒன்பது வருஷமாகச் சுவர் எழுதுகிறேன், ஒருத்தரும் இந்த வாக்கியத்தை என்னிடம் எழுதக் கொடுக்கவில்லை.

மேலே இருந்தவரிடம் கேட்டேன். "அது பாலிசி சார், ஐ.ஈ.சி. இல்ல" என்றார். ஐ.ஈ.சி. என்றால் தகவல், கல்வி, தொடர்பு. உரிமை அதில் சேராது போலிருக்கிறது.

அதே ஊர்க் காலனிச் சுவரில், என் சொந்தச் சுண்ணாம்பில், ஒரு அடி உயர எழுத்தில் எழுதினேன். 'காட்டோரத்து ஏழைகளின் வீட்டு விறகுக்கே காட்டில் முதல் உரிமை. தேசிய வனக் கொள்கை 1988.' கீழே, 'பச்சை மரத்தை நாம் வெட்ட மாட்டோம்' என்றும் எழுதினேன். அது அந்தப் பெண்கள் சொல்லி நான் எழுதியது. 'ஆதே' இல்லாமல் நான் எழுதின முதல் சுவர் அதுதான்.

பதினொரு நாள் அது இருந்தது. அதற்குள் அந்த அக்கா காட்டு வழியில் மடக்கின ஒருத்தரிடம், "கெவுருமெண்டே செவுத்துல எழுதியிருக்குதுங்க, வந்து படிச்சுப் பாருங்க" என்று சொல்லி, கட்டை இறக்காமல் வீடு வந்து சேர்ந்தது. பன்னிரண்டாம் நாள் யாரோ வெள்ளை அடித்துவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. காரணம் எழுத்தில் கிடையாது.

மறுபடியும் பிரஷ்ஷைத் தூக்கினேன். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலும் போனது. சங்கங்களுக்குத் துண்டறிக்கை எழுதிக் கொடுத்துக் காலம் ஓட்டினேன்.

என் சுவர்கள் செய்யாததை இலவச எரிவாயு அடுப்பு செய்தது. 2007இல் மாநில அரசு கொடுக்கத் தொடங்கியதும், எங்கள் சந்தில் விறகுக் கட்டு பாதியாகக் குறைந்தது. 'வெட்டாதே' என்று பத்து வருஷம் எழுதினதைவிட 'இந்தாங்க' என்று ஒரு அடுப்பு கொடுத்தது வேலை செய்தது. 2022இல் உருளை விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது அடிவாரத்து ஊர்களில் மறுபடியும் சும்மாடுகளைப் பார்த்தேன். அதற்கு எந்த வாசகம் எழுத?

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி மலைக்காரர்கள், கூலிகள். சில வாரம் கழித்துக் கல்வராயன் மலையில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போகாதே. மறுபடியும் அதே 'ஆதே'. கூலி கொடுத்து அனுப்பினவன் பேரும், மரத்தை வாங்கிக் கப்பல் ஏற்றினவன் பேரும் அதில் இல்லை.

2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தடை விதித்தார். ஒலிபெருக்கி வைத்துச் சொல்லலாம் என்றார். நல்ல காரியம். தாத்தா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் தோலைக் கீழே வைத்ததாலேயே தண்டோரா முடிந்துவிடாது. மேலேயிருந்து கீழே மட்டும் போகிற செய்தி சுவரில் போனாலும், போஸ்டரில் போனாலும், செல்போனில் போனாலும் தண்டோராதான். காடு காக்கிற வேலைக்குப் படித்துவிட்டுப் போகிற நம் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்புகிற ஒவ்வொரு செய்திக்கும், திரும்பி எடுத்து வந்தது என்ன என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைக்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த சமயம், தாத்தா ஊர்க் காலனிக்காரர்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் உரிமை கேட்டு மனுப் போடலாமா என்று என்னிடம் வந்தார்கள். பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வாழ்ந்து காட்டை நம்பியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்கிறது சட்டம். 1930இல் எங்கள் தாத்தன்மாருக்கு யார் தாள் கொடுத்தார்கள்? கொடுத்த பஞ்சமி நிலத்தையே தாளோடு பிடுங்கிக்கொண்ட ஊர்கள் இவை. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைக் கொட்டித் தேடினேன். அடியில் அந்த 1977 சீட்டு கிடந்தது. நாங்கள் காட்டை நம்பி வாழ்ந்தோம் என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரே தாள்.

அம்மாவுக்கு அப்போது கண் மங்கியிருந்தது. சீட்டைத் தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டது.

"நீ படிக்காம உட்ட வார்த்தை இன்னும் இருக்குதாடா அதுல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமாம்மா?"

"எழுதறப்பவே வாயால சொல்லிச் சொல்லித்தான எழுதுனான். எனக்குப் படிக்கத் தெரியாது, காது கேக்கும்ல. நீ சங்கடப்படுவீன்னுதான் நானும் கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்பப் படி" என்றது.

படித்தேன். முழுசாகப் படித்தேன்.

"மனுவுல அதையும் சேத்து எழுது. நாங்க திருடலைன்னும் எழுது" என்றது அம்மா.

எழுதினேன். அந்த மனு ஆபீசுக்குப் போனது. பதில் வரவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையில் கீழேயிருந்து மேலே போன முதல் செய்தி அது.